குடித்த இரவில் போலீஸ் பிடித்தது: இனி வழக்கு என்ன ஆகும்?

கேள்வியின் சாரம் இது. வார இறுதியில் நண்பர்களோடு குடித்துவிட்டு பைக்கில் திரும்பும்போது ஒருவர் வாகனச் சோதனையில் மாட்டியிருக்கிறார். ஊதச் சொன்னபோது வாக்குவாதம் முற்றியது. இரவு ஸ்டேஷனில் கழிந்தது. காலையில் அண்ணன் வந்து கையெழுத்துப் போட்ட பிறகு விட்டிருக்கிறார்கள். நடந்ததில் பாதி நினைவில்லை. ஜெயிலா, வேலை போய்விடுமா, பாஸ்போர்ட் கிடைக்குமா என்று தூக்கமில்லாமல் கேட்கிறார். சம்பவம் தமிழ்நாட்டில் நடந்ததால் இங்குள்ள சட்டத்தையும் நடைமுறையையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

குடித்ததற்காக மட்டும் சட்டம் தரும் தண்டனை சிறியது. குடித்த நிலையில் வேறு என்ன செய்தீர்கள் என்பதுதான் வழக்கின் எடையைத் தீர்மானிக்கும். அதற்கு அடுத்தபடியாக, போதை தெளிந்த பிறகு வரும் வாரங்களில் என்ன செய்கிறீர்கள் என்பது. அந்த இரவை விட இந்த வாரங்களில்தான் பலர் வழக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது நெஞ்சு படபடப்பதில் ஒரு பங்கு உடம்பு செய்யும் வேலை. மது அடக்கி வைத்திருந்த நரம்புகள் அது இறங்கும்போது எதிர்த்திசையில் துள்ளும். பயம் பல மடங்காகத் தெரியும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் தணிந்துவிடும். அதுவரை யாருக்கும் போன் போட்டு மன்னிப்பு கேட்பது, சமாதானம் பேசப் போவது, எதையாவது எழுதிக் கொடுப்பது எதுவும் வேண்டாம். தினமும் குடிப்பவராக இருந்து திடீரென நின்றிருந்தால் கதை வேறு. கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது உயிருக்கே ஆபத்தான நிலை. விழுந்து தலையில் அடிபட்டிருந்தாலும் அப்படியே. தலைக்காயத்தின் தள்ளாட்டத்தைப் போதை என்று நினைத்துவிடுவது ஸ்டேஷனிலும் நடக்கும், வீட்டிலும் நடக்கும்.

இனி காகிதம். அண்ணன் எதில் கையெழுத்துப் போட்டார், உங்களிடம் என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். கைதுக் குறிப்பும் ஜாமீன் பத்திரமும் இருந்தால், முறைப்படி கைது செய்து ஸ்டேஷன் ஜாமீனில் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 35(3) நோட்டீஸ் என்றால், கைது காட்டாமல் விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய நடைமுறைச் சட்டத்தின் 41-ஏ நோட்டீஸ்தான் இது. செல்லான் மட்டும் இருந்தால் மோட்டார் வாகன வழக்கு. சி.எஸ்.ஆர். ரசீது என்றால் புகார் பதிவேட்டில் ஏறியிருக்கிறது, எஃப்.ஐ.ஆர். இன்னும் போடவில்லை. ஒன்றுமே கையில் இல்லையென்றால் பெட்டி கேஸாக (சிறு வழக்காக) முடித்திருக்கலாம், எச்சரித்து அனுப்பியும் இருக்கலாம். ஊகிக்காமல் ஸ்டேஷன் ரைட்டரிடம் ஒரு வக்கீல் மூலமாகக் குற்ற எண்ணையும் பிரிவுகளையும் கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். ஆகியிருந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் நகலை எடுக்கலாம். பதிவான 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற சில வகைகளுக்கு மட்டும் விலக்கு.

2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த சம்பவங்களுக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி. இல்லை, பாரதிய நியாய சன்ஹிதா எனும் பி.என்.எஸ்.தான். பழைய எண்களை வைத்து இணையத்தில் தேடிக் குழம்ப வேண்டாம்.

பிரிவுகளைப் பார்ப்போம். பொது இடத்தில் போதையில் பிறருக்குத் தொந்தரவு தரும்படி நடந்துகொண்டால் பி.என்.எஸ். 355. அதிகபட்சம் 24 மணி நேர வெறுங்காவல், அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அவற்றுக்குப் பதிலாகச் சமூக சேவையும் விதிக்கலாம். குடித்திருந்தால் மட்டும் போதாது, யாருக்காவது தொந்தரவாக இருந்திருக்க வேண்டும். மாநகரங்களில் இதே நடத்தைக்கு நகரக் காவல் சட்டத்தின் 75-வது பிரிவிலும் வழக்குப் போடுவார்கள். ஸ்டேஷனில் ‘செவன்டி ஃபைவ்’ என்று காதில் விழுந்திருந்தால் இதுதான்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 185. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். ஓட்டியிருக்கவே வேண்டும் என்பதில்லை, ஓட்ட முயன்றாலும் பிரிவு பொருந்தும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். ஆனால் இது ஹெல்மெட் அபராதம் மாதிரி அந்த இடத்திலேயே சமரசம் செய்து தீர்க்கக்கூடிய பட்டியலில் இல்லை. சாலையில் பணம் வாங்கிக்கொண்டு ‘எல்லாம் முடிந்தது’ என்று யாராவது சொல்லியிருந்தால் எதுவும் முடியவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில்தான் அது முடியும்.

இந்தப் பிரிவில் பலருக்கும் தெரியாத சில நுணுக்கங்கள் உண்டு. 185-க்காக வாரண்ட் இல்லாமல் கைது செய்தால், கைதான இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதிக்க வேண்டும். இல்லையென்றால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 202. தவறினால் விடுதலை காவலிலிருந்து மட்டும், வழக்கிலிருந்து கிடையாது. இருந்தாலும், கைதுக் குறிப்பில் உள்ள நேரத்தையும் ஜி.எச். பதிவேட்டில் உள்ள நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வக்கீல் செய்யும் முதல் வேலையாக இருக்க வேண்டும். ஊத மறுத்துவிட்டேன், அதனால் ஆதாரம் இல்லை என்று நினைத்தால் அதுவும் தப்பு. தகுந்த காரணமில்லாமல் மறுத்தால், அந்த மறுப்பையே அரசுத் தரப்பு சாட்சியத்துக்கு வலு சேர்ப்பதாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது பிரிவு 205.

ஊதியிருந்தால் கருவியிலிருந்து வந்த சீட்டில் தேதி, நேரம், அளவு, கருவி எண் இருக்கிறதா என்று பாருங்கள். குடித்த உடனேயோ, மவுத்வாஷ் கொப்பளித்த உடனேயோ ஊதினால் வாயில் தங்கிய ஆல்கஹால் அளவைக் கூட்டிக் காட்டும். அதற்காகத்தான் 15 நிமிடம் காத்திருந்து எடுப்பது சரியான முறை. ரத்தம் எடுத்திருந்தால், தோலை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தார்களா, குப்பியில் சோடியம் புளோரைடு போட்டார்களா என்பவை கேட்கத் தகுந்த கேள்விகள். ரத்தத்தில் ஆல்கஹால் மணிக்குச் சுமார் 15 மி.கி. என்ற அளவில் குறையும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அதாவது 150 மி.கி. இருந்தவர் 30-க்கு வர எட்டு மணி நேரம் ஆகும். காலையில் ‘தெளிந்துவிட்டேன்’ என்று ஸ்டேஷனிலிருந்தே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி, அடுத்த சந்திப்பில் மீண்டும் ஊதி மாட்டுவது இப்படித்தான்.

மருத்துவர் சான்றை நிதானமாகப் படியுங்கள். ‘மது அருந்தியிருக்கிறார், ஆனால் அதன் போதையில் இல்லை’ என்பதும், ‘மது அருந்தி அதன் போதையில் இருக்கிறார்’ என்பதும் வேறு வேறு முடிவுகள். வாசனை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி, குழறிய பேச்சு இவற்றை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-இலேயே ஒரு விபத்து வழக்கில் சொல்லியிருக்கிறது. அளவீடு இல்லாத 185 வழக்கு நொண்டுவது இதனால்தான்.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது குடியும் இல்லை, வண்டியும் இல்லை. ‘வாக்குவாதம் முற்றியது’ என்ற அந்த இரண்டு சொற்கள்தான். வாய்ப்பேச்சோடு நின்றதா, கை நீண்டதா? பணியில் தடை செய்ததாக மட்டும் இருந்தால் பி.என்.எஸ். 221: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்; ஜாமீனில் விடக்கூடியது. சட்டையைப் பிடித்து இழுத்தது, தள்ளியது என்று எழுதியிருந்தால் பிரிவு 132 வரும்: இரண்டு ஆண்டு வரை, ஜாமீனில் விட முடியாத குற்றம். போலீஸ்காரருக்குக் காயம் என்றால் 121(1), ஐந்து ஆண்டு வரை போகும். கெட்ட வார்த்தைக்கு 296, சாதாரணக் காயத்துக்கு 115(2), மிரட்டலுக்கு 351. இந்த மூன்றும் இங்கே ஒரே எஃப்.ஐ.ஆரில் சேர்ந்தே வருவது வழக்கம். பேருந்துக் கண்ணாடியையோ ஸ்டேஷன் மேசையையோ உடைத்திருந்தால் 1992-ஆம் ஆண்டு தமிழ்நாடு பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டமும் சேரும். அதுவும் ஜாமீனுக்குச் சிக்கலானது. பெண்ணிடம் அத்துமீறியதாகப் புகார் இருந்தால் பிரிவு 74: குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு. அப்படி ஒரு புகார் இருந்தால் இந்தப் பதிலைப் படிப்பதை நிறுத்திவிட்டு இன்றே ஒரு கிரிமினல் வக்கீலைப் பாருங்கள். ‘போதையில் தெரியாமல் செய்துவிட்டேன்’ என்பது நீங்களாகக் குடித்த இடத்தில் தப்பிக்கும் வழியாகாது. பிறர் ஏமாற்றியோ வற்புறுத்தியோ குடிக்க வைத்தால்தான் சட்டம் அதைக் கணக்கில் எடுக்கும்.

காலையிலேயே அண்ணன் கையெழுத்தோடு விட்டார்கள் என்பது நல்ல அறிகுறி. 132 போட்டிருந்தால் பெரும்பாலும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ரிமாண்ட் கேட்டிருப்பார்கள். இருந்தாலும் பிரிவு பின்னால் மாறலாம், சேரலாம். ஜாமீனில் விட முடியாத பிரிவு வரும் என்று தெரிந்தால் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ பி.என்.எஸ்.எஸ். பிரிவு 482-இல் முன்ஜாமீன் கேட்க வேண்டும். கிடைக்கும்போது நிபந்தனையும் கூடவே வரும். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து என்பது வாடிக்கை. வேலைக்குப் போகிற ஊர் வேறு என்றால் அதை மனுவிலேயே சொல்லிக் கேட்க வேண்டும், பிறகு தளர்த்த இன்னொரு மனு அலைச்சல்.

நினைவில்லாத பகுதியைப் பற்றி. நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் சொன்னதை வைத்து ஓட்டைகளை நிரப்பி, அதையே விசாரணையில் ஒப்பிக்காதீர்கள். போலீஸிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் காட்ட முடியாது. ஆனால் புகார்தாரருக்கு நீங்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் ‘அண்ணே தெரியாம அடிச்சிட்டேன், மன்னிச்சிருங்க’ என்பதைத் தாராளமாகக் காட்டலாம். வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் அதை வக்கீலிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மறக்கும் முன் ஒரு தாளில் நேர வரிசையை எழுதுங்கள்: எங்கே, எத்தனை மணிக்கு, யார் இருந்தார்கள், எப்போது ஸ்டேஷன், எப்போது ஆஸ்பத்திரி. ‘வக்கீலுக்காக’ என்று மேலே எழுதி அவரிடம் மட்டும் கொடுங்கள். யூ.பி.ஐ. பட்டியல், பார் பில், கால் பதிவுகள் எல்லாம் நேரத்தைக் காட்டும் சாட்சிகள், எதையும் அழிக்காதீர்கள். அழித்தால் அதுவே சந்தேகம். கடை வாசல் சிசிடிவி சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் மேலெழுதப்பட்டுவிடும். உங்களுக்குச் சாதகமான காட்சி இருக்கும் என்று நம்பினால், வக்கீல் மூலம் கடைக்காரருக்கும் காவல் நிலையத்துக்கும் பாதுகாத்து வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். உடம்பில் காயம் இருந்தால் ஜி.எச்.சில் காட்டி காயங்களைப் பதியும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரின் நகல் வாங்குங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் அந்தக் காயம் எப்போது பட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கைதான முறையில் குறை இருந்ததா என்பதையும் பாருங்கள். ஏன் கைது என்று சொல்ல வேண்டும், ஜாமீனில் விடக்கூடியது என்றால் அதையும் சொல்ல வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்கு மேல் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தாமல் வைத்திருக்கக் கூடாது. வக்கீலுக்கு வசதியில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. உதவி எண் 15100. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

வண்டி ஸ்டேஷனில் நின்றால், ஆர்.சி., இன்சூரன்ஸ், உரிமம் உள்ள குடிக்காத ஒருவர் என மூன்றோடும் போங்கள். வழக்கு 185 மட்டும் என்றால் பெரும்பாலும் ஸ்டேஷனிலேயே தந்துவிடுவார்கள். விபத்து வழக்கில் கைப்பற்றியிருந்தால் நீதிமன்றத்தில் இடைக்கால ஒப்படைப்பு மனு போட வேண்டும். ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்புவது தனிப் பாதை. குடித்து ஓட்டியதற்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஆர்.டி.ஓ. நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுங்கள். நிறுத்தி வைத்த காலத்தில் ஓட்டி மாட்டினால் அது புது வழக்கு.

இப்போது அதிகமானோர் சறுக்கும் இடம்: நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வது. ‘பத்தாயிரத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம்’ என்பார்கள். முதல் முறை, விபத்தில்லை, அளவு தெளிவாக இருக்கிறது என்றால் அது பல நேரம் சரியான முடிவும்கூட. ஆனால் தெரிந்து செய்யுங்கள். ஒப்புக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. ‘கோர்ட் கலையும் வரை’ உட்கார வைத்தால் அதுவும் ஏட்டில் சிறைத் தண்டனைதான். ஒப்புக்கொண்ட பிறகு குற்றத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு ஏறக்குறைய மூடிய கதவு, தண்டனையின் அளவைப் பற்றி மட்டும் பேசலாம். அரசு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ முயல்பவர் என்றால் ஒப்புக்கொள்ளும் முன் வக்கீலிடம் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். அதன் 3, 4 பிரிவுகளில் எச்சரித்தோ நன்னடத்தைப் பத்திரம் வாங்கியோ விடலாம். 12-வது பிரிவு, தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு ஒட்டாமல் காக்கும். கேட்டால்தான் பரிசீலிப்பார்கள்.

அடிதடி வழக்கு என்றால் காயம்பட்டவர் சம்மதித்தால் 115(2)-ஐ நீதிமன்றத்திலேயே சமரசமாக முடிக்கலாம். 132-க்கு அப்படி வழி இல்லை. மற்ற பிரிவுகளும் கலந்திருந்தால் உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, பி.என்.எஸ்.எஸ். பிரிவு 528-இல் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனு. சமாதானம் பேசுவதை வக்கீல் வழியாகப் பேசுங்கள்; நீங்களே வீட்டு வாசலில் போய் நின்றால் சாட்சியை மிரட்டியதாக ஆகும்.

வாய்தாவுக்குப் போகாமல் இருப்பது இதை விட மோசம். முதலில் சம்மன், பிறகு பிடிவாரண்ட். ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வராமல் இருந்தால் பி.என்.எஸ். 269-இல் ஓராண்டு வரை தனிக் குற்றம். பத்தாயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வழக்கு, சில ஆண்டு கழித்துப் பாஸ்போர்ட் விசாரணையின்போது வாரண்டாக எழுந்து வருவது இப்படித்தான். இ-கோர்ட்ஸ் செயலியில் பெயரைப் போட்டோ, வழக்குக்கே உரிய 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டோ மாதம் ஒருமுறை பாருங்கள். ஓராண்டு வரை மட்டுமே சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்குக் காலவரம்பு ஓராண்டு, மூன்றாண்டு வரையிலான குற்றத்துக்கு மூன்றாண்டு; புகாரோ எஃப்.ஐ.ஆரோ பதிவான தேதியை வைத்துத்தான் இதைக் கணக்கிடுவார்கள். அந்தப் பதிவே தாமதம் என்று தெரிந்தால் வக்கீலிடம் காலவரம்பைப் பற்றிக் கேளுங்கள்.

வேலை. தனியார் நிறுவனம் என்றால் நியமனக் கடிதத்தில் கைதைத் தெரிவிக்கச் சொல்லும் விதி இருக்கிறதா என்று படித்துவிட்டு முடிவெடுங்கள். விதி இல்லாத இடத்தில் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. அரசு ஊழியர் என்றால் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே தானாகப் பணியிடை நீக்கம் ஆகிவிடும். அதற்குக் குறைவு என்றாலும் மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது பாதுகாப்பு. வேலைக்கு விண்ணப்பிப்பவர் படிவத்தில் ‘வழக்கு உண்டா’ என்ற கேள்விக்கு உண்மையை எழுத வேண்டும். சிறு வழக்கை மன்னிக்க அதிகாரிக்கு இடம் உண்டு, மறைத்தது தெரிந்தால் அதுவே நீக்கக் காரணம் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் விரிவாகச் சொல்லியிருக்கிறது. காவல்துறைத் தேர்வு மட்டும் விதிவிலக்கான கடுமை. அங்கே சந்தேகத்தின் பலனில் கிடைத்த விடுதலைகூடத் தடையாகலாம்.

பாஸ்போர்ட் விஷயத்தில் பயம் அளவுக்கு மீறி இருக்கிறது. நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்கலாம், ஆனால் அந்த நீதிமன்றத்தின் அனுமதி உத்தரவோடு போனால் தருவார்கள். உத்தரவில் காலம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்கு மட்டும் கிடைக்கும் என்பதால், மனுவிலேயே காலத்தைக் கேளுங்கள். அமெரிக்க விசா வேறு மாதிரி. படிவத்தில் கைதானது உண்டா என்றே கேட்பார்கள், விடுதலை ஆகியிருந்தாலும் சொல்ல வேண்டும். கடந்த ஐந்து ஆண்டில் மது தொடர்பான ஒரு கைது இருந்தாலே தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்பலாம். கனடா 2018 டிசம்பரிலிருந்து குடித்து ஓட்டுவதைக் கடும் குற்ற வகையில் வைத்திருக்கிறது. இந்த இரண்டு நாடுகளுக்கும் எஃப்.ஐ.ஆர்., தீர்ப்பு, அபராத ரசீது மூன்றின் சான்றிட்ட நகலும் வேண்டும். வழக்கு முடிந்த வாரமே காப்பி அப்ளிகேஷன் போட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கி வையுங்கள். பழைய கட்டு ஆவண அறைக்குப் போய்விட்டால் தேடி எடுக்க மாதக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும்.